தட்டும் மணையும்

அன்புள்ள செண்பகம்,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. உடனே பதில் போடவில்லை என்று திட்டாதே. இந்த வருஷம் மழை பிடித்த பிடியில் சமையலறைச் சுவர் முழுக்கப் பூஞ்சை. சுரண்டி வெள்ளையடிக்க ஆள் பிடித்தேன். அவன் ஒரு நாள் வந்தான், மூன்று நாள் வரவில்லை. சரி, அந்தப் புராணம் வேண்டாம். முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. மற்றபடி சுகம்.

நடுராத்திரியில் தனியாக உட்கார்ந்து 'ரங்கமார்த்தாண்டா' தெலுங்குப் படம் பார்த்து அழுதுவிட்டு, மறுநாள் காலையில் மருமகள் கொடுத்த காப்பியை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன் என்று எழுதியிருந்தாயே, அதைப் படித்து வெகுநேரம் சிரித்தேன். ஏளா, அந்தப் பிள்ளை என்ன செய்தாள்? படத்து மருமகள் செய்ததற்கு செகந்திராபாத்தில் இவள் ஏன் பழி சுமக்க வேண்டும்? போய்ச் சமாதானமாகு முதலில்.

இது மராத்தி நாடகத்திலிருந்து வந்த படமாமே, உனக்குத் தெரியுமா என்றும் கேட்டிருந்தாய். கல்யாணமாகி வந்த நாள் முதல் இந்தப் பம்பாய்ப் பக்கத்தில்தான் குப்பை கொட்டுகிறேன். தெரியாமல் இருக்குமா?

நாடகத்தின் பெயர் 'நடசாம்ராட்'. நடிகர்களின் சக்கரவர்த்தி என்று அர்த்தம். எழுதியவர் வி. வா. ஷிர்வாட்கர். கவிதைக்கு அவர் வைத்துக்கொண்ட பெயர் குசுமாக்ரஜ். அவர் பிறந்த பிப்ரவரி 27ஆம் தேதியைத்தான் இங்கே மராத்தி மொழி நாளாகக் கொண்டாடுகிறார்கள். ராஜ்யத்தை மகள்களுக்குப் பிரித்துக் கொடுத்துவிட்டுத் தெருவில் நின்ற ஷேக்ஸ்பியரின் லியர் ராஜா கதையை மனதில் வைத்து எழுதியது. ராஜாவுக்குப் பதில் ஓய்வுபெற்ற மேடை நடிகர் கண்பத்ராவ் பேல்வல்கர், ராஜ்யத்துக்குப் பதில் வீடும் சேமிப்பும். 1970 டிசம்பரில் முதல் முறையாக மேடையேறியபோது கண்பத்ராவாக நடித்தவர் ஸ்ரீராம் லாகூ. அவர் காது மூக்கு தொண்டை டாக்டர். தொழிலைத் தூக்கிப் போட்டுவிட்டு முழுநேர நடிகரானவர். அவருக்கு அப்புறம் தத்தா பட், சதீஷ் துபாஷி, யஷ்வந்த் தத் என்று பலர் அந்த வேடம் போட்டார்கள். இங்கே நடிகனை நிறுத்துப் பார்க்க இது ஒரு எடைக்கல்.

லாகூவை அந்த வேடத்தில் பார்க்க எனக்குக் கொடுத்து வைக்கவில்லை. எண்பதுகளின் கடைசியில் பக்கத்து வீட்டு மராத்திக்கார அம்மாள், எங்கள் காகூதான் என்னை முதன்முதலில் அழைத்துப் போனார். தாதரில் பிளாசா தியேட்டருக்கு எதிரே இருக்கிற சிவாஜி மந்திருக்கு. அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம் காய்கறி வாங்குகிற மராத்திதான். நாடகம் தொடங்குமுன் மூன்று தடவை மணி அடிப்பார்கள். மூன்றாவது மணிக்குப் பிறகும் வெளியே நிற்பவன் மராத்திக்காரனே இல்லை என்பது காகூவின் கட்சி. டீயை ஒரே மடக்கில் குடிக்க வைத்து உள்ளே தள்ளினார். வசனத்தில் பாதி எனக்குப் புரியவில்லை. இடைவேளையில் படாடா வடையைத் தின்றபடியே காகூ கதை சொன்னார்.

மனைவி செத்துப்போய், பிள்ளைகளின் வீட்டைவிட்டு வெளியேறி, தெருவில் பூட் பாலிஷ் போடுகிற பையனோடு கிடக்கிறார் கிழவர். கடைசி அங்கம். எழுந்து மேடை விளிம்புக்கு வந்து, "கர் தேதா கா, கர்?" என்றார். ஒரு புயலுக்கு யாராவது வீடு தருவீர்களா, வீடு என்று கேட்கிற வசனம் அது. மற்றதெல்லாம் புரியாமல் போனாலும் அந்த ஒரு சொல் எனக்குப் புரிந்தது. 'கர்' என்பதுதான் பம்பாய் வந்த முதல் வாரமே நான் கற்றுக்கொண்ட வார்த்தை, வாடகைக்கு இடம் தேடி அலைந்ததில். அரங்கத்தில் ஒரு இருமல் சத்தம் கிடையாது. காகூ என் கையைப் பிடித்த பிடி இன்னும் ஞாபகம் இருக்கிறது.

அவர் கேட்டது பிள்ளைகளிடம் இல்லை, செண்பகம். எங்களிடம். இருட்டில் டிக்கெட் வாங்கி உட்கார்ந்திருந்தவர்களிடம். வாழ்நாளெல்லாம் அந்த மனிதர் குடியிருந்தது எங்கள் கைதட்டலில். ஓய்வுபெற்றதும் பெற்ற பிள்ளைகளின் வீட்டுக்குப் போனார், அங்கே பொருந்தவில்லை. இதுதான் எனக்குப் பட்ட கதை. பிள்ளைகள் பெற்றவர்களை விரட்டியடிக்கிற கதை என்று நீ எழுதியிருப்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அந்த மாதிரிக் கதைக்கு நமக்கென்ன பஞ்சமா? நம் ஊர் டாக்கீஸில் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு எத்தனை பார்த்திருக்கிறோம்.

கிழவர் ஒன்றும் அப்பாவி இல்லை. குடிப்பார், வாய் முழுக்க வசவு, நள்ளிரவில் வசனம் பேசுவார். பேத்திக்குக் கெட்ட வார்த்தை கற்றுக்கொடுத்துவிட்டு, அது அழகாகச் சொல்கிறது என்று சந்தோஷப்படுவார். அவரோடு ஒரு வாரம் குடித்தனம் நடத்திப் பார் தெரியும். மருமகள் பக்கமும் நியாயம் இருக்கிறது. ஷிர்வாட்கர் அதை ஒளிக்கவே இல்லை. மகள் வீட்டில் பணம் காணோம் என்று இவர்கள்மேல் சந்தேகப்படுகிறார்களே, அந்த ஒரு காட்சி மட்டும் மன்னிக்க முடியாதது. அதற்கு முன்னால் நடப்பதெல்லாம் எல்லா வீட்டிலும் நடப்பதுதான்.

மராத்தியிலேயே இதைப் படமாக எடுத்தது 2016 ஜனவரி 1ஆம் தேதி வந்தது. மகேஷ் மஞ்ச்ரேகர் இயக்கம், கண்பத்ராவாக நானா படேகர். அவரும் மேடையில் வளர்ந்தவர். ஜெயவந்த் தளவியின் 'புருஷ்' நாடகத்தில் அவர் பண்ணியதைப் பற்றிக் காகூ இன்றைக்கும் பேசுவார். படம் பிரமாதமாக ஓடியது. நானும் காகூவும் போனோம். கிழவரின் நண்பர் ராம்பாவாக விக்ரம் கோகலே. அந்த இரண்டு பேரும் ஆஸ்பத்திரியில் சந்திக்கிற காட்சியில் தியேட்டரில் விசில் அடிக்கப் போனவன்கூட அடங்கிவிட்டான்.

ஆனாலும் ஒரு குறை. சினிமாவில் மகன் வீடு, மகள் வீடு, தோட்டம், கார் எல்லாவற்றையும் கண்ணால் பார்த்துவிடுகிறோம். கர் தேதா கா என்று அவர் கேட்கும்போது நமக்கு அந்த வீடுகள்தான் ஞாபகம் வருகின்றன. நாடகத்தில் அப்படி இல்லை, வெறும் மேடை, எதிரே நாங்கள். இயக்குநருக்கும் இது உறைத்திருக்க வேண்டும். அதனால்தான் எரிந்துபோன ஒரு நாடக அரங்கைக் கொண்டுவந்து, கிழவரை அங்கே நிற்கவைத்துப் பேசவிட்டார். அந்தக் கரிபிடித்த மேடையில் படம் மறுபடி நிமிர்ந்தது. காகூவுக்குத் திருப்தி இல்லை. "காமிரா கிட்ட வந்தால் நடிகன் மெதுவாகப் பேசுகிறான். கண்பத்ராவ் மெதுவாகப் பேசுகிற ஆளா?" என்றார்.

2018இல் குஜராத்தியிலும் எடுத்தார்கள், சித்தார்த் ரந்தேரியா நடித்து. அவரும் நாடகக்காரர்தான். அதைவிட உன் தெலுங்குப் படம்தான் எனக்குப் பெரிய ஆச்சரியம். கிருஷ்ணவம்சி எடுத்து 2023இல் வந்தபோது, பிரகாஷ்ராஜுக்காகவும் இளையராஜா இசைக்காகவும்தான் பார்க்க உட்கார்ந்தேன். மராத்திக் கண்பத்ராவின் வாயில் வருவது பெரும்பாலும் ஷேக்ஸ்பியர். வாழ்வதா சாவதா என்கிற ஹாம்லெட் வசனத்தை "ஜகாவம் கீ மராவம்" என்று தன் பாணியில் பேசுவார். இங்கே அது செல்லும். ஹாம்லெட்டை ஆகர்கர் 1883லேயே மராத்தியில் கொண்டுவந்துவிட்டார், ஒதெல்லோவை தேவல் 'ஜுஞ்ஜார்ராவ்' ஆக்கினார். ஆக ஷேக்ஸ்பியர் இவர்களுக்குப் பள்ளிக்கூடப் பாடம் மட்டும் இல்லை, தாத்தா காலத்து மேடை. தெலுங்கில் அதே வசனத்தை அப்படியே மொழிபெயர்த்தால் யாருக்கு என்ன ஒட்டும்? அங்கே மேடை என்றால் பத்யம். மகாபாரத நாடகங்களில் கர்ணனும் துரியோதனனும் ராகம் இழுத்துப் பாடுகிற பத்யம், கூட்டம் ஒன்ஸ்மோர் கேட்கிற பத்யம். இங்கே சங்கீத நாடகத்திலும் அந்த ஒன்ஸ்மோர் உண்டு என்பது உனக்குத் தெரியுமோ?

உன் படம் அந்தப் பத்யத்தைப் பிடித்ததால்தான் ஆஸ்பத்திரிக் காட்சி உன்னை அழவைத்தது. அதில் நண்பராக வருகிற பிரம்மானந்தத்தைக் காமெடியனாகவே பார்த்துப் பழகிய நமக்கு அது யாரோ வேறு ஆள் மாதிரி இருந்தது. சினிமாவுக்கு வருமுன் அவர் தெலுங்கு வாத்தியார், தெரியுமா? அந்த நாக்கில் பாஷை எப்படி உட்கார்ந்திருக்கிறது பார். நாடகத்தை வேறு பாஷையில் எடுக்க நினைப்பவன் முதலில் அந்தப் பாஷையின் மேடை எங்கே இருக்கிறது என்று தேட வேண்டும். வீட்டுச் சண்டையை மட்டும் எடுத்துப் போனால் சீரியல்தான் வரும். உன் படத்திலும் அந்தச் சீரியல் வாடை சில இடத்தில் அடித்தது. மகன் வீட்டுக் காட்சிகள் எனக்கு அலுத்துவிட்டன, கோபித்துக்கொள்ளாதே. மேடைக்காரன் பேச ஆரம்பித்ததும் அலுப்பு போயிற்று. உங்கள் ஊரிலேயே சுரபி நாடகக் குடும்பங்கள் இருக்கின்றன. 1885இலிருந்து பரம்பரையாக நாடகம் போடுகிறவர்கள். அவர்கள் போடுகிற 'மாயாபஜார்' ஒரு தடவை பார், பேரனையும் கூட்டிப் போ.

இன்னொரு படம் சொல்கிறேன், கிடைத்தால் பார். 'கட்யார் காளஜாத் குஸலி'. 1967இல் வந்த சங்கீத நாடகம், எழுதியவர் புருஷோத்தம் தார்வேகர். இரண்டு பாடகர்களின் போட்டி, அதில் பொறாமையால் கருகுகிற கான்சாகேப். மேடையில் கான்சாகேப் வசந்தராவ் தேஷ்பாண்டே. 2015இல் சுபோத் பாவே அதைப் படமாக்கியபோது, எதிர்ப் பக்கத்துப் பண்டிதர் வேடத்தில் யார் தெரியுமா? நம்ம சங்கர் மகாதேவன். செம்பூரில் வளர்ந்த தமிழ் வீட்டுப் பிள்ளை, மராத்தி இசையமைப்பாளர் ஸ்ரீநிவாஸ் களேயிடம் பாடம் கேட்டவர். கான்சாகேப் பாட்டைப் பாடியது வசந்தராவின் பேரன் ராகுல். மேடையில் மூன்று மணி நேரமும் அதற்கு மேலும் பாடிய கச்சேரியைப் படத்துக்காக வெட்டினார்கள் என்று பழையவர்கள் முணுமுணுத்தார்கள். ஆனால் என் தம்பி மகன், கிடாரைத் தவிர எதையும் கேட்காதவன், அதைப் பார்த்துவிட்டு ராகம் பற்றிக் கேட்டான்.

விஜய் டெண்டுல்கர் எழுதிய 'காஷிராம் கோத்வால்' நாடகத்தின் கதையே வேறு. மேடையில் பிராமணர்கள் வரிசையாகத் தோளோடு தோள் நின்று ஆடுவார்கள். அந்த வரிசையே சுவர், திரை, ஊர் எல்லாம். திறந்தால் கதை நடக்கும், மூடினால் மறையும். 1976இல் திரைப்படக் கல்லூரி முடித்த இளைஞர்கள் கூட்டாகச் சேர்ந்து அதைப் படமாக எடுத்தார்கள். படத்தைப் பார்த்தபோது அந்த மனிதச் சுவரைத்தான் தேடினேன். அந்தக் கூட்டத்தில் ஒருவர் நம்ம கே. ஹரிஹரன். பின்னால் தமிழில் 'ஏழாவது மனிதன்' எடுத்தாரே, பாரதி பாட்டுகளோடு, ரகுவரன் முதல்முதலாக நடித்து. அந்தப் படத்தை உன்னோடுதான் பார்த்தேன், உனக்குத் தலைவலி என்று பாதியில் கிளம்பச் சொன்னாய்.

ஒன்றைச் சொல்லாமல் விடமுடியவில்லை. உன் கடிதத்தின் கடைசி வரியில், திருநெல்வேலி வீட்டை மகன் பேருக்கு எழுதப் போகிறேன், பத்திரம் ரெடி என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறாய். படத்துக்கு நாலு பக்கம், வீட்டுக்கு ஒரு வரி! கண்பத்ராவ் சொல்கிற ஒரு வசனம் உண்டு, மராத்திக்காரர் வீடுகளில் பழமொழியாகவே புழங்குவது. எதிரே இருக்கிற சாப்பாட்டுத் தட்டைக் கொடுக்கலாம், உட்கார்ந்திருக்கிற மணையைக் கொடுக்கக் கூடாது என்று. உன் மகன் தங்கம். எனக்குத் தெரியும், என் மடியில் வளர்ந்தவன். பழி போடவில்லை. நீ இருக்கிறவரை உனக்கு அந்த வீட்டில் உரிமை உண்டு என்று பத்திரத்தில் ஒரு வரி சேர்க்கச் சொல், அவ்வளவுதான். கையெழுத்துப் போடுமுன் ஒரு வார்த்தை எழுது.

தீபாவளிக்கு அப்புறம் இங்கே வா. தானேயில் ஏரிக்கரையில் கட்கரி ரங்காயதன் அரங்கம் இருக்கிறது. வீட்டிலிருந்து ஆட்டோவில் பத்து நிமிஷம். ஞாயிற்றுக்கிழமை மதியக் காட்சிக்கு முன் வரிசையில் டிக்கெட் எடுக்கிறேன். காகூவுக்கு எண்பத்தி நாலு ஆகிறது, காது மந்தம். அதனால் வசனத்தை நமக்கே திருப்பிச் சொல்லிக்கொண்டிருப்பார், பொறுத்துக்கொள். வரும்போது சாந்தி அல்வா கால் கிலோ, மறக்காதே. டாக்டர் வேண்டாம் என்றுதான் சொல்லியிருக்கிறார்.

உன்
கோமதி