பெர்லினிலிருந்து அக்காவுக்கு

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லாரும் நலம். நீயும் அத்தானும் பிள்ளைகளும் நலம்தானே? போனில் உன்னோடு பேச ஆரம்பித்தால் சின்னவன் பிடுங்கிக்கொள்கிறான். அவன் திருப்பிக் கொடுப்பதற்குள் உனக்கு அங்கே தூக்கம் வந்துவிடுகிறது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். "ஒரே நாட்டுக்குள்ளதானே ஊர் மாறுறீங்க, அதுக்கு ஏன் இத்தனை புலம்பல்?" என்று அன்றைக்குக் கேட்டாயே, அப்போது சொல்ல முடியாமல் போனதை இப்போது சொல்கிறேன்.

தூரத்தைப் பார்த்தால் ஒன்றுமே இல்லை. 2017 டிசம்பரில் புது ரயில் பாதை திறந்ததிலிருந்து மியூனிக்கில் ஏறினால் நாலு மணி நேரத்தில் பெர்லின். விசா தொல்லையும் இல்லை. இவர் வசிப்புரிமை அட்டையில் புது முகவரி ஸ்டிக்கரை ஒட்டிக் கொடுத்தார்கள், அவ்வளவுதான். வரி எண் அதேதான். பிள்ளைகளுக்கு மாதாமாதம் அரசாங்கம் தருகிற பணமும் அப்படியே தொடர்கிறது, முகவரியை மட்டும் தெரிவித்தால் போதும். எனக்கும் இவருக்கும் நாடு மாறவில்லை. ஆனால் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைக்கு மாறிவிட்டது, அக்கா. ஜெர்மனியில் பள்ளிக்கல்வி மத்திய அரசின் கையில் கிடையாது. 16 மாநிலங்களும் தனித்தனியாக நடத்துகின்றன. தொடக்கப்பள்ளி எத்தனை வருஷம், விடுமுறை எப்போது, எந்த மதிப்பெண் வாங்கினால் எந்தப் பள்ளி என்று எல்லாமே மாநில எல்லையைத் தாண்டினால் வேறு.

பெரியவள் மூன்றாம் வகுப்பை மியூனிக்கில் முடித்திருந்தாள். அங்கே, பவேரியா மாநிலத்தில், தொடக்கப்பள்ளி நாலு வருஷம்தான். நாலாம் வகுப்பில் மே மாதத் தொடக்கத்தில் ஒரு சான்றிதழ் தருவார்கள். ஜெர்மன், கணக்கு, பிறகு ஊரையும் இயற்கையையும் பற்றிய ஒரு பாடம், இந்த மூன்றிலும் சேர்த்துச் சராசரி 2.33-க்குள் இருந்தால் கிம்னாசியத்துக்குப் போகலாம். கிம்னாசியம் என்பது நேராகப் பல்கலைக்கழகத்துக்குக் கொண்டுபோய் விடுகிற பள்ளி. இங்கே 1 என்றால் முதல்தரம், 6 என்றால் தோல்வி, அதனால் எண் குறையக் குறைய நல்லது. 2.33-ஐத் தாண்டி 2.66-க்குள் இருந்தால் அடுத்த தரப் பள்ளி. சோதனை வகுப்பில் உட்கார்ந்து தேர்வெழுதிப் பார்ப்பது, பிற்பாடு மாறிக்கொள்வது என்று வேறு வழிகளும் இருக்கத்தான் செய்கின்றன. ஆனாலும் பத்து வயதுப் பிள்ளைக்கு இரண்டு தசம ஸ்தானத்தில் தலையெழுத்து என்பதை என்னால் இன்றுவரை ஜீரணிக்க முடியவில்லை. மூன்றாம் வகுப்பு முடிவதற்கு முன்பே அவளுடைய தோழிகளின் வீடுகளில் டியூஷன் பேச்சு தொடங்கிவிட்டது. நம் ஊரில்தான் இந்தப் பைத்தியம் என்று நினைத்திருந்தேன்.

பெர்லின் நகரமே தனி மாநிலம், இங்கே தொடக்கப்பள்ளி ஆறு வருஷம். ஆக அவளுக்கு இன்னும் இரண்டு வருஷம் மூச்சுவிட நேரம் கிடைத்திருக்கிறது. இவருக்கு இங்கே வேலை கிடைத்தபோது, வீடு கிடைக்குமா, வாடகை கட்டுபடியாகுமா என்று ஆயிரம் யோசித்தோம். கடைசியில் என்னைச் சம்மதிக்க வைத்தது இந்த இரண்டு வருஷம்தான். அதை அவளிடம் பெரிய பரிசு மாதிரி சொன்னேன். அவள் அசரவில்லை. "யாரைக் கேட்டு முடிவு பண்ணீங்க?" என்றாள்.

அக்கா, ஊரிலிருந்து நாங்கள் முதலில் கிளம்பியபோது அவள் கைக்குழந்தை. தூக்கிக்கொண்டு வந்தோம், வந்தாள். அப்போது மியூனிக்கில் எங்கள் மூன்று பேருக்குமே யாரையும் தெரியாது, எல்லாரும் ஒன்றாகத் தொலைந்தோம், ஒன்றாகக் கண்டுபிடித்தோம். சின்னவன் பிறந்ததே அங்கேதான். இந்த முறை அப்படியில்லை. எனக்கும் இவருக்கும் மியூனிக் என்பது வேலைக்காக வந்து தங்கிய ஊர். பிள்ளைகளுக்கு அது சொந்த ஊர். நாங்கள் ஒரு வாடகை வீட்டைக் காலி செய்தோம், அவர்கள் ஊரை விட்டு வந்தார்கள். நீ கல்யாணமாகிப் போனபோது அழுத அழுகையை இப்போது நினைத்துப் பார், நீ கேட்ட கேள்விக்கு அதில் பாதி பதில் இருக்கிறது.

முடிவை அவளிடம் கேட்டு எடுத்திருக்க முடியாது என்பது வேறு விஷயம். ஒன்பது வயதுப் பெண் "வேண்டாம்" என்றால் வேலையை விட முடியுமா? கேட்பதுபோல் நடித்துவிட்டு நம் இஷ்டப்படி செய்வது அதைவிட மோசம். ஆகவே முடிவை எங்களுடையது என்றே சொல்லிவிட்டு, அவளுக்கு உண்மையாகவே விட்டுக்கொடுக்கக் கூடியதை அவளிடம் விட்டோம். எந்த அறை அவளுக்கு, எந்தப் பெட்டி கடைசியாக வண்டியில் ஏறி முதலில் இறங்க வேண்டும், தோழிகளிடம் எப்போது சொல்வது, இதெல்லாம் அவள் கையில்.

வீடு தேடிய கதை உனக்குச் சலிக்கும், சுருக்கமாகச் சொல்கிறேன். கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டு, கடன் ஒழுங்காகக் கட்டுகிறோம் என்பதற்கு ஒரு சான்று, குடும்பத்தைப் பற்றிய ஒரு படிவம், இவ்வளவும் கையில் வைத்துக்கொண்டு ஒரு வீட்டைப் பார்க்கப் போனால் படிக்கட்டு முழுக்க நம்மைப் போலவே கோப்போடு நிற்பார்கள். பழைய வீட்டைக் காலி செய்யவும் மூன்று மாத முன்னறிவிப்பு கொடுக்க வேண்டும். முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறது, மூன்று தவணையாகவும் கட்டலாம், அது ஒரு நிம்மதி. ஆனால் பழைய வீட்டு முன்பணம் உடனே கைக்கு வராது. கொஞ்ச காலம் இரண்டு வீட்டுக்காரரிடமும் நம் பணம் இருக்கும். நகை எதையும் வைக்கவில்லை, பயப்படாதே.

சமையலறை பற்றிச் சொன்னால் அம்மா நம்பமாட்டாள். இங்கே நிறைய வாடகை வீடுகளில் சமையலறை என்றால் வெறும் அறை, சுவரில் தண்ணீர்க் குழாய், மின் இணைப்பு, அவ்வளவுதான். அடுப்பு, அலமாரி, பாத்திரம் கழுவும் தொட்டி எல்லாம் குடிவருகிறவர் பாடு. மியூனிக்கில் நாங்கள் போட்ட சமையலறையை அடுத்து வந்த குடும்பத்துக்கே விற்றுவிட்டோம். இங்கே வந்து பார்த்தால் கூரையிலிருந்து வயர் மட்டும் தொங்குகிறது, விளக்கு கூட இல்லை. முதல் சில ராத்திரிகள் மேஜை விளக்கைக் கையில் பிடித்துக்கொண்டு அறைக்கு அறை போனோம். சின்னவனுக்கு அது ஒரே கொண்டாட்டம்.

சாமான் ஏற்றுகிற வண்டிக்குத் தெருவில் இடம் வேண்டுமே, அதற்கு அனுமதி வாங்கி, வண்டி நிறுத்தக் கூடாது என்கிற பலகையைச் சில நாள் முன்னாடியே வைக்க வேண்டும். பலகையில் தேதி, நேரம் எல்லாம் இருக்கும். நாங்கள் ஊரை விட்டுப் போகிற தேதி தெருவில் எல்லாரும் படிக்கும்படி நின்றது. அதுவரை வகுப்பில் யாரிடமும் சொல்லாமல் இருந்த பெரியவள், அந்தப் பலகையைப் பார்த்த அன்றைக்குத்தான் சொன்னாள்.

பெர்லினில் வந்திறங்கியதும் முதல் வேலை முகவரி பதிவு. குடியேறி இரண்டு வாரத்துக்குள் பதிய வேண்டும் என்பது நாடு முழுக்க ஒரே சட்டம். வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்ட சான்று வேண்டும். மியூனிக்கில் தனியாகப் போய்ப் பெயரை நீக்க வேண்டியதில்லை, இங்கே பதிந்தால் அங்கே தானாகவே நீங்கிவிடும். நகரத்துக்குள் எந்தப் பகுதி அலுவலகத்திலும் பதியலாம் என்பதால், சீக்கிரம் தேதி கிடைத்த இடமாகப் பார்த்து ஊரின் மறுகோடிக்குப் பிள்ளைகளோடு போய் வந்தோம். பிள்ளைகள் பெர்லினைச் சுற்றிப் பார்த்தது அந்த ரயில் பயணத்தில்தான். முகவரி இருந்தால்தான் பள்ளி, ஏனென்றால் வீடு இருக்கிற வட்டாரத்தைப் பொறுத்துத்தான் பள்ளியே ஒதுக்குகிறார்கள். நல்ல பள்ளியாகப் பார்த்து அதன் பக்கத்தில் வீடு பார்க்கலாம் என்று இவருடைய நண்பர் ஒருவர் அறிவுரை சொன்னார். வீடே கிடைக்காத ஊரில் அந்த அறிவுரையை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

விடுமுறை விஷயத்தில்தான் பெரியவளுக்கு உண்மையான கோபம். கோடை விடுமுறையை மாநிலங்கள் மாற்றி மாற்றி விடுகின்றன, எல்லாரும் ஒரே நாளில் சாலையில் இறங்கிவிடக் கூடாது என்பதற்காக. பவேரியாவும் அதன் பக்கத்து மாநிலம் ஒன்றும் மட்டும் எப்போதும் கடைசி வரிசையில். அங்கே ஜூலை கடைசி வரை பள்ளிக்குப் போனாள். பெர்லினில் அதற்கு முன்பே விடுமுறை தொடங்கி, முன்பே முடிந்தும் விட்டது. ஆக அவளுக்கு ஒரு வாரத்துக்கு மேல் பறிபோய்விட்டது. மியூனிக் தோழிகள் இன்னும் குளத்தில் நீந்திக்கொண்டிருக்கிற படங்களை அனுப்ப, இவள் இங்கே பையை மாட்டிக்கொண்டு போனாள். போதாக்குறைக்கு அரசு விடுமுறையும் குறைவு. மியூனிக்கில் வருஷத்துக்கு 13 நாள், இங்கே 10. மார்ச் 8 மகளிர் தினத்துக்கு இங்கே விடுமுறை உண்டு, அங்கே கிடையாது. அதை மட்டும் நான் விட்டுக்கொடுக்கமாட்டேன் என்று இவரிடம் சொல்லிவிட்டேன்.

வகுப்பில் முதல் வாரங்கள் கஷ்டம்தான். மொழி தெரியாத கஷ்டம் இல்லை, அது நன்றாகவே தெரியும். மூன்றாம் வகுப்பில் மியூனிக்கைப் பற்றித்தான் படித்திருக்கிறாள். இசார் ஆறு எங்கே பிறக்கிறது, எந்த ஊர்கள் வழியாக ஓடித் தன்யூபில் சேர்கிறது என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வாள். இங்கே ஷ்ப்ரே ஆற்றைப் பற்றிக் கேட்டார்கள், வாய் திறக்கவில்லை. டீச்சர் நல்லவர். இசாரைப் பற்றி நீ சொல் என்று நிற்க வைத்துப் பேச வைத்தாராம். அதை வீட்டில் வந்து சொன்னபோது பெருமையாகச் சொன்னாளா சிணுங்கிக்கொண்டு சொன்னாளா என்று எனக்கே பிடிபடவில்லை.

அவளைக் கொஞ்சம் நிமிர வைத்தது சைக்கிள். நாலாம் வகுப்பில் போக்குவரத்து விதிகளைச் சொல்லிக் கொடுத்துப் பிள்ளைகளுக்கு சைக்கிள் தேர்வு வைப்பார்கள், போலீஸ்காரர்களும் வந்து பயிற்சி தருவார்கள். இரண்டு மாநிலத்துக்கும் பொதுவாக இருப்பது இது ஒன்றாவது கிடைத்ததே என்றிருந்தது எனக்கு. பக்கத்து வீட்டுப் பெண்ணும் அதே வகுப்பு. மாலையில் இரண்டு பேரும் சேர்ந்து, கையை நீட்டி இடது பக்கம் திரும்புவது எப்படி என்று நடைபாதையில் ஒத்திகை பார்க்கிறார்கள். வகுப்பில் அந்தப் பெண்ணுக்குப் பக்கத்தில் இடம் கேட்டு வாங்கிக்கொண்டாள். நான் ஒன்றும் கேட்கவில்லை, கேட்டால் கெட்டுவிடும்.

சின்னவன் கதை நேர் எதிர். அவன் சீக்கிரம் ஒட்டிக்கொள்வான் என்று எல்லாரும் சொன்னார்கள், அவன்தான் அதிகம் படுத்துகிறான். புது மழலையர் பள்ளியில் பழக்கப்படுத்துவது என்று ஒரு முறை இருக்கிறது. முதலில் அம்மாவோ அப்பாவோ கூடவே உட்கார வேண்டும், பிறகு சிறிது நேரம் வெளியே போய் வர வேண்டும், பிறகு அரை நாள். மியூனிக்கில் இதையெல்லாம் தாண்டி வந்த பிள்ளை என்பதால் இங்கே தேவைப்படாது என்று பார்த்தால், மறுபடி முதலிலிருந்து. குட்டி நாற்காலியில் உட்கார்ந்து உட்கார்ந்து எனக்கு முதுகு பிடித்துக்கொண்டது. முதலில் எரிச்சலாக இருந்தது. இப்போது யோசித்தால் அவர்கள் செய்வதுதான் சரி. இடம் மாறியது அவனுக்குத்தானே, பழக்கம் மட்டும் பெட்டியில் வருமா? ஒரு நல்ல செய்தி, பெர்லினில் 2018-லிருந்து மழலையர் பள்ளிக்குக் கட்டணமே கிடையாது, சாப்பாட்டுக்கு மட்டும் மாதம் ஒரு சின்னத் தொகை. பெரியவளுக்குப் பள்ளியில் மதியச் சாப்பாடு ஆறாம் வகுப்பு வரை இலவசம். மியூனிக்கில் இரண்டுக்கும் கட்டிக்கொண்டிருந்ததை இங்கே வாடகை சாப்பிட்டுவிடுகிறது என்பது வேறு கதை.

ராத்திரி அவன் கேட்கிறான், "நாம எப்ப வீட்டுக்குப் போவோம்?" என்று. ஊருக்கு என்று நினைத்து இவர் டிக்கெட் கணக்குச் சொல்ல ஆரம்பித்தார். அவன் கேட்டது மியூனிக் வீட்டை. பெரியவள் மட்டும் "இதுதான்டா வீடு" என்று அவனை அதட்டினாள். அதட்டல் ஜெர்மன் மொழியில்தான், சண்டையும் சமாதானமும் இப்போதெல்லாம் அதில்தான். சனிக்கிழமை தமிழ் வகுப்பு ஒன்று விசாரித்து வைத்திருக்கிறேன், ஆனால் இப்போதே இன்னொரு புது வகுப்பில் கொண்டுபோய் உட்கார வைக்க மனசு வரவில்லை. கொஞ்சம் ஆறட்டும்.

அப்புறம் முக்கியமான விஷயம். அப்பா அம்மாவை மே கடைசி, ஜூனில் வரச் சொல்லியிருந்தேன் அல்லவா? அது பவேரியாவில் இருக்கிற இரண்டு வார விடுமுறையை நம்பிச் சொன்னது. பெர்லினில் அது கிடையாது. பள்ளிக்கு லீவு போட்டு அவர்களோடு சுற்றவும் முடியாது, இங்கே அதற்கு அபராதமே உண்டு. ஈஸ்டருக்கு இரண்டு வாரம் விடுகிறார்கள், அதற்கு முன்னால் வந்து சேரும்படி டிக்கெட் பார்க்கச் சொல். விசாவுக்கு நான் இங்கே அலுவலகத்தில் உத்தரவாதப் பத்திரம் வாங்கி அனுப்ப வேண்டும், அதற்கும் தேதி எடுத்தாக வேண்டும். அதனால் அப்பாவைச் சீக்கிரம் முடிவு பண்ணச் சொல். முகவரியைக் கீழே எழுதியிருக்கிறேன். எதை அனுப்பினாலும் எங்கள் பெயரை முழுசாக எழுது, இங்கே வீட்டுக் கதவுக்கு எண் கிடையாது, தபால்காரர் மணியிலும் பெட்டியிலும் இருக்கிற பெயரைப் பார்த்துத்தான் போடுவார்.

அத்தானுக்கு என் வணக்கம். பிள்ளைகளைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் தங்கை