சொன்னது மூன்று, பாக்கி ஒன்று

கட்டடப் பொறியாளர் சங்க உறுப்பினர்களுக்கு வணக்கம்.

போன பொதுக்குழுவில் மூன்று விஷயம் செய்வதாகச் சொன்னோம். புது அடையாள அட்டை வந்துவிட்டது, கும்பகோணம் சங்க அலுவலகத்தில் வாங்கிக்கொள்ளலாம். சுயசான்று கட்டட அனுமதி (விதிப்படி கட்டுகிறோம் என்று நாமே சான்று தந்து வாங்குவது) பற்றிய பயிற்சியும் முடிந்தது. அந்த அனுமதி மனை 2,500 சதுர அடி, வீடு 3,500 சதுர அடி வரைக்கும்தான். தயவுசெய்து மறுபடி கேட்காதீர்கள்.

பாக்கி, களிமண் அஸ்திவாரப் பயிற்சி. நம் டெல்டா களிமண் மழையில் உப்பும், கோடையில் வெடிக்கும். மேலோட்டமாக அஸ்திவாரம் போட்டுச் சுவர் விரிசல் விட்டால் பழி பொறியாளர் தலையில்தான். அதற்குத்தான் அண்டர்ரீம் பைல், அதாவது மண்ணில் ஆழமாகத் துளை போட்டு வார்க்கும், அடியில் குமிழ்போல் அகன்ற கான்கிரீட் தூண். விதிகள் இந்தியத் தரநிலை ஐ.எஸ். 2911, மூன்றாம் பாகத்தில் இருக்கின்றன. துளை போடுவதை நேரில் காட்டாமல் படம் போட்டு என்ன பயன் என்று தள்ளிவைத்தோம். அதை உங்களிடம் சொல்லாதது எங்கள் தப்பு.

வழக்கப்படி ஜூன் 12-இல் மேட்டூர் திறந்து, வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டால் வயலோர மனையில் துளைக்குள் நீர் ஊறும். அதனால் மே இரண்டாம் ஞாயிறு காலை 7 மணிக்கு, திருவாரூர் பக்கம் ஒரு வேலையிடத்தில் வைத்துக்கொள்கிறோம். தனிக்கட்டணம் இல்லை, சந்தாவிலேயே சரி. வருகிறவர்கள் வெள்ளிக்குள் இங்கே பெயர் போடுங்கள். அப்புறம், செருப்போடு வராதீர்கள், ஷூ கட்டாயம்.

– செயலாளர்