ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போனேன், அப்பா

போர்ட்லாந்து, விக்டோரியா
ஜூன் 16

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். போனில் பேசாமல் எதற்குக் கடிதம் என்று யோசிப்பீர்கள். போனில் நான் என்ன சொன்னாலும் அம்மா ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறாள். அடுத்த வீட்டுச் சித்தி வரைக்கும் கேட்கிறது. இது நீங்கள் முதலில் தனியாகப் படிக்க வேண்டிய விஷயம். அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்பதை அப்புறம் நீங்களே முடிவு செய்யுங்கள்.

போன வாரம் கடலுக்குப் போனேன். அதுவும் ஞாயிற்றுக்கிழமை.

சனிக்கிழமை சாயங்காலப் பூசை பார்த்துவிட்டேன், அதனால் ஞாயிறு பூசைக் கணக்கு நேர். ஆனால் நம் ஊர் மணப்பாட்டில் ஒரு படகும் இறங்காத நாளில் நான் இறங்கியிருக்கிறேன். எட்டாம் வகுப்பு லீவில் சித்தப்பா படகில் வலைக்கு அடியில் ஒளிந்துகொண்டதற்கு நீங்கள் துடுப்பைத் தூக்கிக்கொண்டு வந்தது ஞாபகம் இருக்கிறதா? அடி விழவில்லை. அடுத்த மாதமே விடுதியில் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டீர்கள். 34 வயது வரைக்கும் நான் அலையைத் தாண்டிப் போனதில்லை என்றால் இங்கே யாரும் நம்பமாட்டேன் என்கிறார்கள்.

நம்பாதவர்களில் முதல் ஆள்தான் என்னைக் கூட்டிக்கொண்டு போனவர். நான் வேலை செய்கிற முதியோர் இல்லத்தில் சமையல் பார்க்கிறார், ஐம்பதைத் தாண்டியவர். இங்கே பெரியவர், சின்னவர் எல்லாரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். எனக்கு வாய் வரவில்லை, "அண்ணே" என்றே கூப்பிட்டுப் பழக்கிவிட்டேன். அதை அவர் நான் வைத்த பட்டப்பெயர் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். நான் மீன்பிடிக்கிற குடும்பம் என்று தெரிந்த நாளிலிருந்து விடவே இல்லை. குளிர் தொடங்கட்டும், சூரை மீன் வரும், போகலாம் என்று மார்ச்சிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தார்.

சூரை என்றதும் முகத்தைச் சுளிக்காதீர்கள். இது நம் ஊர்ச் சூரை இல்லை. சதர்ன் புளூபின் என்கிற ஜாதி. இங்கே சாதாரணமாகக் கிடைப்பதே 15, 20 கிலோ இருக்கும். 100 கிலோவுக்கு மேல் போனால் 'பேரல்' என்கிறார்கள், நம் டீசல் பீப்பாயை நினைத்துக்கொள்ளுங்கள். பிறப்பது எங்கே தெரியுமா? ஜாவாவுக்குத் தெற்கே, நம் இந்தியப் பெருங்கடலில்தான். அந்த ஒரு இடத்தைத் தவிர வேறு எங்கும் இது முட்டையிடுவதில்லை. அங்கிருந்து ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரையோரமாகவே இறங்கி, இந்தத் தெற்குக் குளிர்நீருக்கு வந்து சேர்கிறது. என்னைப் போலவே நெடுந்தூரம் வந்தது.

படகைப் பார்த்தால் நீங்கள் சிரிப்பீர்கள். ஆறு மீட்டர் அலுமினியப் படகு. அது கடற்கரையில் கிடப்பதில்லை, வீட்டுக் கார் ஷெட்டில் கிடக்கிறது. காருக்குப் பின்னால் சக்கர வண்டியில் ஏற்றி, துறைமுகத்துச் சரிவுப் பாதைக்கு இழுத்து வந்து, காரையே தண்ணீருக்குள் பின்னால் இறக்கி மிதக்கவிடுகிறார்கள். விடியற்காலை ஐந்தரைக்கு அங்கே கார்களின் வரிசை, நம் திருவிழாவுக்கு வேன் நிற்கிற மாதிரி. ஒருவருக்கும் இது தொழில் இல்லை. ஆசிரியர், பிளம்பர், அலுமினிய ஆலையில் வேலை செய்கிறவர், இப்படி எல்லாரும் லீவு நாளில் வந்தவர்கள்.

கிளம்புமுன் அண்ணன் எனக்கு உயிர்காப்புச் சட்டையை மாட்டி, பட்டையை அவரே இறுக்கினார். எபிர்ப் என்று ஒரு மஞ்சள் கருவியையும் காட்டினார். ஆபத்தில் அதன் பொத்தானை அழுத்தினால் நாம் இருக்கிற இடத்தைச் செயற்கைக்கோளுக்குச் சொல்லிவிடுமாம். இங்கே கரையிலிருந்து இரண்டு கடல்மைல் தாண்டுகிற எந்தப் படகிலும் அது இருந்தே ஆக வேண்டும். விலை நம் காசுக்கு ஒரு நல்ல செல்போன் அளவுதான். அதைக் கையில் வைத்துப் பார்த்தபோது எனக்கு 2017 நவம்பர்தான் ஞாபகம் வந்தது. ஒக்கி புயல் அடித்த அந்த வாரம் நீங்கள் சாப்பிடாமல் ரேடியோ பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தீர்களே.

இருட்டோடு இருட்டாகத் துறைமுகச் சுவரைத் தாண்டினோம். லாரன்ஸ் பாறைகள் என்று இரண்டு பாறை, விடிகிற வெளிச்சத்தில் கறுப்பாகத் தெரிந்தன. அதற்குத் தெற்கே அண்டார்டிகா வரைக்கும் கரையே கிடையாது. அலை உடையவில்லை, ஆனால் கடல் மொத்தமாக மூச்சு விடுகிற மாதிரி தூக்கித் தூக்கி இறக்கியது. காற்று வடக்கேயிருந்து, அதாவது கரையிலிருந்து வந்தது. நம் கணக்கில் வாடை. அண்ணன் ஒரு வாரமாகப் போனில் காற்றையும் அலையையும் பார்த்துத்தான் இந்த நாளைக் குறித்திருந்தார். எங்கள் அப்பா வாசலில் நின்று கழுத்தைத் திருப்பினால் போதும், சொல்லிவிடுவார் என்றேன். கோவில் சிலுவையையும் கலங்கரை விளக்கையும் நேர் வைத்து, கடலில் இடம் கண்டுபிடிக்க நீங்கள் கணியம் பார்க்கிறதையும் சொன்னேன். அதை இரண்டு தடவை கேட்டுக்கொண்டார்.

பெருமையாகச் சொல்லிக்கொண்டிருக்கும்போதுதான் எனக்கு வாந்தி வந்தது.

மூன்று தடவை, அப்பா. மாத்திரை போட்டிருந்தேன், இஞ்சி மிட்டாய் வாயில் இருந்தது, ஒன்றும் பலிக்கவில்லை. "நீ மீன்காரன் மகன்தானே?" என்றார் அண்ணன். மகன்தான், மீன்காரன் இல்லை என்றேன். தூரத்து அடிவானத்தையே பார் என்று சொல்லி என்னை உட்காரவைத்தார். அணியத்தில், படகின் முன்முனையில், உட்காராதே, அங்கேதான் ஆட்டம் அதிகம் என்று நீங்கள் சித்தப்பா மகனிடம் எப்போதோ சொன்னது அப்போதுதான் ஞாபகம் வந்தது. நான் அணியத்தை ஒட்டித்தான் உட்கார்ந்திருந்தேன். பின்பக்கம் போனதும் கொஞ்சம் அடங்கியது.

சரி, மீனுக்கு வருகிறேன். கேப் நெல்சன் கலங்கரை விளக்கு சுண்டுவிரல் அளவு ஆகிற தூரம் போனதும் வேகத்தைக் குறைத்து நான்கு தூண்டிலை விட்டோம். இரை எதுவும் கிடையாது. ரப்பரில் கணவாய் மாதிரி பாவாடை கட்டிய பொம்மைகள், ஊதா ஒன்று, பச்சை ஒன்று. மணிக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர் வேகத்தில் அவற்றை இழுத்துக்கொண்டே போக வேண்டும். ஆழம் பார்க்கிற எக்கோ கருவி 70 மீட்டர் காட்டியது. ஆனால் அண்ணன் எக்கோவை விடப் பறவையைத்தான் பார்த்தார். கானெட் என்று ஒன்று, வெள்ளை உடம்பு, மஞ்சள் தலை. அது சிறகை மடக்கி ஈட்டி மாதிரி விழுகிற இடத்தில் கீழே சின்ன மீன் கூட்டம், அதற்குக் கீழே சூரை. இதை நான் உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஒன்றரை மணி நேரம் ஒன்றுமில்லை. அப்புறம் ஒரே நேரத்தில் இரண்டு ரீலும் கதறின. வேறு வார்த்தை தெரியவில்லை. ஒரு தூண்டிலை என் கையில் திணித்து, இடுப்பில் கட்டிய வாரில் இருந்த கிண்ணத்தில் அதன் அடியைச் செருகிவிட்டார். மீன் நேராகக் கீழே போனது. நான் நாலு சுற்று சுற்றினால் அது பத்து சுற்று இழுத்தது. கை மரத்துப்போனது, முதுகு விட்டுப்போனது. கால் மணி நேரம் ஆகியிருக்கும். நல்ல ரீல், இடுப்புவார், பின்னால் பிடித்துக்கொள்ள ஒரு ஆள், எல்லாம் இருந்தும் எனக்கு இந்தப் பாடு. நீங்கள் இதை வெறும் கையில் தங்கூசி நூலைப் பிடித்துச் செய்திருக்கிறீர்கள். உங்கள் ஆள்காட்டி விரலில் இருக்கிற அந்தப் பள்ளத்தைச் சின்ன வயதில் நான் பிறவிக்குறி என்று நினைத்திருந்தேன்.

மேலே வந்தபோது முதலில் ஒரு நீல வெளிச்சம்தான் தெரிந்தது. அண்ணன் கொக்கியைப் போட்டுத் தூக்கினார். முதுகு இரவு வானம் மாதிரி, வயிறு வெள்ளி, வாலடியில் சின்னச் சின்ன மஞ்சள் முள்துடுப்பு. தொட்டால் சூடு! தண்ணீர் 15 டிகிரி, மீன் அதை விடச் சூடு. இந்த ஜாதி தன் உடம்புச் சூட்டை வெளியே விடாமல் பிடித்து வைத்துக்கொள்ளுமாம். அதனால் உடனே மண்டையில் குத்தி, பக்கத்துடுப்புக்குப் பின்னால் கீறி ரத்தம் வடியவிட்டு, ஐஸும் கடல்நீரும் கலந்த பெட்டியில் முக்கினார். இல்லையென்றால் தசை தன் சூட்டிலேயே வெந்த மாதிரி ஆகிவிடும் என்றார். ஐஸ் இல்லாத சூரையைத் தின்று ஆச்சிக்கு உடம்பெல்லாம் தடித்ததே, அதைச் சொன்னேன். தலையை ஆட்டினார்.

என் மீன் 17 கிலோ, அவருடையது 19. மூன்றாவதாக மாட்டியது பாதியில் சட்டென்று லேசாகிவிட்டது. இழுத்துப் பார்த்தால் தலை மட்டும் வருகிறது. கடல்நாய் ஒன்று, கன்றுக்குட்டிப் பருமன், பத்தடி தள்ளி மிச்சத்தைக் கடித்து உதறிக்கொண்டிருந்தது. நான் தமிழில் திட்டினேன். உங்கள் வார்த்தைகள்தான், எங்கே கற்றேன் என்று அம்மாவிடம் சொல்லாதீர்கள். நாலாவது மீன் ஒழுங்காக வந்தது.

இனிமேல்தான் உங்களுக்குப் பிடிக்காத பகுதி. மணி பதினொன்று கூட ஆகவில்லை. பறவை இன்னும் விழுந்துகொண்டே இருந்தது, படகைச் சுற்றி மீன் துள்ளியது. அண்ணன் தூண்டிலைச் சுருட்டிவிட்டார். ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு இரண்டு மீன்தான் சட்டம். எங்களிடம் மூன்று. இன்னும் ஒன்று பிடிக்கலாமே என்றேன். "மூன்று போதும், வீட்டில் பெட்டி சின்னது," என்றார். விற்கவும் முடியாது. தொழில் உரிமம் இல்லாதவர் ஒரு துண்டு மீன் விற்றாலும் குற்றம்.

எனக்கு உள்ளுக்குள் கோபம்தான் வந்தது. டீசல் கடன் இல்லாதவன், ஏலத்தில் வட்டிக்காரன் முகத்தைப் பார்க்க வேண்டாதவன், மீனை விட்டுவிட்டு வரலாம், அதில் என்ன பெருமை என்று தோன்றியது. ராத்திரி உட்கார்ந்து படித்தேன். 1960களின் தொடக்கத்தில் இந்த மீனை ஒரே வருஷத்தில் 80,000 டன் வரைக்கும் அள்ளியிருக்கிறார்கள். அதோடு குறைய ஆரம்பித்ததுதான். 1994இலிருந்து ஓர் ஆணையம் வைத்து நாட்டுக்கு இவ்வளவு என்று பங்கு பிரிக்கிறார்கள். 2021இல்தான் அழியப்போகிற உயிர்களின் பட்டியலில் இதை ஒரு படி இறக்கியிருக்கிறார்கள், கொஞ்சம் தேறியிருக்கிறதாம். இரண்டு மீன் சட்டம் எனக்கு அப்போது வேறு மாதிரி தெரிந்தது. ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். 80,000 டன் அள்ளியது நம்மைப் போல நாட்டுப்படகுக்காரர்கள் இல்லை. நம் பக்கம் 61 நாள் தடைக்காலம் நேற்று முன்தினம் முடிந்து விசைப்படகெல்லாம் இறங்கியிருக்கும். வாசலில் உட்கார்ந்து நீங்கள் என்ன சொல்லிக்கொண்டிருப்பீர்கள் என்று எனக்கு இங்கேயே கேட்கிறது.

கரைக்கு வந்ததும் படகை நல்ல தண்ணீரில், குடிக்கிற தண்ணீரில், அரை மணி நேரம் குழாய் பிடித்துக் கழுவினார்கள். அதை அம்மாவுக்குப் படித்துக் காட்ட வேண்டாம். இரண்டு நாளைக்கு ஒரு முறை வருகிற தண்ணீருக்குக் குடம் வரிசை வைக்கிறவள், தாங்கமாட்டாள்.

அண்ணன் வயிற்றுப்பக்கத்தைப் பச்சையாக நறுக்கி சோயா சாஸில் தொட்டுக் கொடுத்தார். மறுக்க முடியாமல் வாயில் போட்டேன். வெண்ணெய் மாதிரி கரைந்தது. ஆனால் மறுநாள் நான் புளியும் மிளகாயும் அரைத்துக் குழம்பு வைத்து இல்லத்துக்குக் கொண்டுபோனேன். சமையலறையில் அண்ணன் இரண்டு தட்டு சாப்பிட்டார். அந்தக் காலத்தில் இதே துறையில் சிங்கிறால் பிடித்த பெரியவர் ஒருவர் எங்கள் இல்லத்தில் இருக்கிறார். அவருக்கு ஒரு கரண்டி கொடுத்தேன். காரம் தாங்காமல் கண்ணில் தண்ணீர் விட்டுக்கொண்டே, எந்தப் பக்கம் பிடித்தீர்கள், ஆழம் எவ்வளவு, காற்று எப்படி என்றுதான் கேட்டார். குழம்பைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

இன்னும் ஏழு கிலோ ஐஸ்பெட்டியில் இருக்கிறது. அம்மாவிடம் கேட்டு எழுதுங்கள்: மாசிக் கருவாடு போடுவதற்கு உப்புத் தண்ணீரில் எவ்வளவு நேரம் அவிக்க வேண்டும், புகை எத்தனை நாள் காட்ட வேண்டும்? இங்கே வெயிலே இல்லை, ஓவனில் வைத்தால் ஆகுமா? எதற்கு என்று கேட்டால், கடையில் வாங்கியது என்று சொல்லிவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் மகன்