டிரில்லிங் மெஷின் முன் கையுறை எதற்கு?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழில் தொழிற்பயிற்சி பற்றி அண்மையில் வெளியான கட்டுரையை விரும்பிப் படித்தேன். கட்டுரையில் குறை சொல்ல ஏதுமில்லை. அதனுடன் வந்த படத்தைப் பற்றித்தான் எழுத வேண்டியிருக்கிறது. தரையில் நிற்கும் துளையிடும் இயந்திரமான பெடஸ்டல் டிரில்லிங் மெஷின் முன் இருக்கும் மாணவர், தடித்த துணிக் கையுறை அணிந்து, இடது கையால் தகட்டைப் பிடித்துக்கொண்டு, வலது கையால் கைப்பிடியை இறக்குகிறார். படத்தின் கீழே ‘உரிய பாதுகாப்புடன் பணிபுரியும் மாணவர்’ என்று அச்சிட்டிருக்கிறீர்கள். பட்டறையில் பல ஆண்டுகள் வேலை பார்த்து, பின்னர் பயிற்சியும் அளித்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: அவர் கண்ணாடி அணிந்திருப்பது ஒன்றுதான் அந்தப் படத்தில் சரி.

கையுறை கையைக் காக்கும் என்று நம்புவதில் வியப்பில்லை. கூரிய விளிம்புள்ள தகட்டைத் தூக்கும்போது அதை அணியத்தான் வேண்டும். ஆனால் சுழலும் பிட்டுக்கு, அதாவது துளை போடும் அலகுக்கு, அருகில் அதுவே வினையாகிவிடுகிறது. நிமிடத்துக்கு 1,200 சுற்று என்றால் நொடிக்கு 20 சுற்று. ஏதோ சிக்கிவிட்டது என்று உணர்ந்து கையை இழுக்கக் கால் நொடி ஆகிறது என்று வைத்துக்கொண்டாலும், அதற்குள் பிட் 5 முறை சுற்றி முடித்திருக்கும். வெறும் விரல் பட்டால் பெரும்பாலும் தோல் கிழிவதோடு போகும். கையுறையிலிருந்து பிரிந்த ஒரு நூல் சிக்கினாலோ, நூலோடு துணியும் துணியோடு விரலும் சேர்ந்து சுற்றிக்கொள்ளும். பொத்தான் போடாத முழுக்கைச் சட்டைக்கும், முடிந்து கட்டாத நீண்ட கூந்தலுக்கும், மோதிரத்துக்கும் இதே கணக்குதான்.

துளை போடும்போது வரும் இரும்புச் சுருள் கையை வெட்டிவிடும், அதனால்தான் கையுறை என்று சிலர் சொல்வார்கள். சுருளைக் கையால் எடுப்பதே தவறு. அது நீளமாக வரத் தொடங்கினால், கைப்பிடியின் அழுத்தத்தை ஒரு கணம் தளர்த்தி மறுபடி கொடுத்தால் போதும், ஒடிந்து விழுந்துவிடும். மேசையில் சேர்ந்ததை மெஷினை நிறுத்திய பிறகு பிரஷ்ஷால் தள்ள வேண்டும். வாயால் ஊதுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். அந்தத் தூள் நேராக அவர்கள் கண்ணுக்குத்தான் வரும்.

தகட்டைக் கையால் பிடிப்பது இதைவிடப் பெரிய தவறு. வேலை கற்ற காலத்தில் நானும் அதைச் செய்தவன்தான். 2 மில்லிமீட்டர் பித்தளைத் தகட்டில் ஒரே ஒரு துளை, இதற்குப் போய் வைஸ் (தகட்டை இறுக்கிப் பிடிக்கும் கருவி) எதற்கு என்று நினைத்தேன். துளை விழ ஆரம்பிக்கும்போது ஒன்றும் ஆகாது. பிட்டின் முனை மறுபக்கம் எட்டிப் பார்க்கும் அந்த நேரத்தில், மிச்சமிருக்கும் மெல்லிய உலோகத்தை வெட்டு விளிம்புகள் சட்டெனக் கவ்வி, திருகாணி ஏறுவது போலத் தகட்டை மேலே இழுக்கும். பித்தளையில் இந்தக் கவ்வல் இன்னும் கடுமை. அதற்காகவே பழகிய கைகள் பித்தளைக்கென்று பிட்டின் வெட்டு விளிம்பைச் சற்று மழுக்கித் தீட்டிக்கொள்வார்கள். அன்று என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு தகடு விசிறியாகச் சுற்றியது. அதன் மூலை கிழித்த தழும்பு கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் இன்றும் இருக்கிறது. வைஸை மேசையோடு போல்ட் போட்டு இறுக்குவதும், மெல்லிய தகடானால் அடியில் மரத்துண்டு வைத்து இரண்டு பக்கமும் கிளாம்ப் போடுவதும், துளை முடியும் தறுவாயில் அழுத்தத்தைக் குறைப்பதும் இதற்காகத்தான்.

வேகமும் இதில் சேர்ந்ததே. சாதாரண மென் இரும்பில், ஹை ஸ்பீடு ஸ்டீல் பிட்டால் 10 மில்லிமீட்டர் துளைக்கு நிமிடத்துக்கு ஏறத்தாழ 800 சுற்று போதும். 3 மில்லிமீட்டருக்கு 2,600 வரை போகலாம். வேகத்தைக் குறைக்கப் பெல்ட்டை மாற்றச் சோம்பல்பட்டு, சின்ன பிட்டுக்கு வைத்த வேகத்திலேயே பெரிய பிட்டையும் ஓட்டுவது பட்டறைகளில் சர்வ சாதாரணம். முனை கருகுவது மட்டுமல்ல, கவ்வினால் அடியும் அந்த அளவுக்குப் பலமாக விழும். பெல்ட்டை மாற்றும்போது மெயின் சுவிட்சை அணைத்திருக்க வேண்டும் என்பதையும், பிட்டைப் பிடித்திருக்கும் சக்கை இறுக்கும் சாவியைச் சக்கிலேயே விட்டுவிட்டு சுவிட்ச் போட்டால் அது பறந்து வரும் என்பதையும் சொல்லத் தேவையில்லை. ஆனாலும் சொல்ல வேண்டியிருக்கிறது.

மின்சாரம் போய்த் திரும்பும்போது மெஷின் தானாக ஓடத் தொடங்காதபடி தடுக்கும் ஸ்டார்ட்டர் இல்லாத மெஷினில், மின்சாரம் நின்றவுடன் சுவிட்சை அணைக்கிற பழக்கத்தையும் முதல் நாளிலேயே ஏற்படுத்த வேண்டும்.

படத்தைப் பார்த்து வேலை கற்கிறவர்கள் கட்டுரையைப் படிப்பவர்களைவிட அதிகம். ஆகவே, அதே மாணவரை, தகட்டை வைஸில் இறுக்கி, கையுறையைக் கழற்றி, மறுபடி படமெடுத்து வெளியிடுமாறு வேண்டுகிறேன். கண்ணாடி அப்படியே இருக்கட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பட்டறைப் பயிற்றுநர் ஒருவர்