'டிரை டு ரிமெம்பர்': மேடையில் முதலில் பாடியவர் யார்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் ஞாயிறு இணைப்பில் அமெரிக்கப் பாடகர் எட் ஏம்ஸ் பற்றிய கட்டுரை வந்திருந்தது. 'தி ஃபேன்டாஸ்டிக்ஸ்' இசை நாடகத்தில் 'டிரை டு ரிமெம்பர்' பாடலை முதன்முதலில் பாடியவர் அவரே என்று அதில் கண்டேன். அது சரியல்ல. 1960 மே 3 அன்று நியூயார்க்கின் கிரீனிச் வில்லேஜ் பகுதியில், சல்லிவன் தெருவில் இருந்த 153 இருக்கை அரங்கில் அந்த நாடகம் தொடங்கியபோது, கதைசொல்லியான எல் காயோ வேடமேற்று அதைப் பாடியவர் நடிகர் ஜெரி ஓர்பாக். எம்.ஜி.எம். நிறுவனம் வெளியிட்ட, நாடகத்தின் முதல் இசைத்தட்டில் ஒலிப்பதும் அவர் குரல்தான்.

ஏம்ஸ், அண்ணன்மாருடன் பாடிவந்த குழுவை விட்டு நடிப்புக்கு வந்த பிறகு, பின்னாளில் அதே வேடத்தை ஏற்றவர். 1965இல் அந்தப் பாடலைத் தனியாகவும் பதிவு செய்தார். கட்டுரையாளர் விட்டுவிட்ட இன்னொரு இழையும் உண்டு. 1967இல் ஏம்ஸுக்குப் பெரும் பெயர் வாங்கித் தந்த 'மை கப் ரன்னத் ஓவர்' பாடலும் 'தி ஃபேன்டாஸ்டிக்ஸ்' பாடல்களைத் தந்த அதே டாம் ஜோன்ஸ், ஹார்வி ஷ்மிட் இணை எழுதி இசையமைத்ததே; 'ஐ டூ! ஐ டூ!' நாடகத்தில் வருவது.

இந்தக் குழப்பம் ஏன் வருகிறது என்பது எனக்குப் புரிகிறது. நாடகம் 2002 ஜனவரி 13 வரை, 17,162 காட்சிகள் ஓடியது. ஏறக்குறைய 42 ஆண்டுகளில் எல் காயோ எத்தனையோ பேரிடம் கைமாறிய வேடம். ஆகவே ஒரு பாடகர் இதில் 'நடித்தார்' என்று மட்டும் எழுதினால் போதாது. தொடக்கக் குழுவிலா, பின்னர் வந்து சேர்ந்தாரா, வெளியூர்க் குழுவிலா, எந்த ஆண்டு என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பாட்டைப் பதிவு செய்தவர் எல்லாரும் மேடையேறியவர் என்றும் எடுத்துக்கொள்ளக் கூடாது. பாடகி பார்ப்ரா ஸ்ட்ரைசாண்ட் 1963இல் வந்த தம் முதல் இசைத்தட்டில் இந்நாடகத்தின் இரண்டு பாடல்களைப் பாடியிருக்கிறார். அவற்றில் 'சூன் இட்ஸ் கோனா ரெயின்' மேடையில் அடுத்தடுத்த வீட்டுக் காதலர் இருவர் சேர்ந்து பாடுவது. வாய் திறந்து பேசாத பாத்திரம் ஒன்று பக்கத்தில் நின்று காகிதத் துணுக்குகளைத் தூவும், அதுதான் மழை. அதே பாத்திரம் ஒரு கோலைப் பிடித்து நின்றால் அது இரண்டு வீட்டுக்கும் நடுவே உள்ள சுவர். இசைத்தட்டில் இதெல்லாம் இல்லாமல் ஒற்றைக் குரல் மட்டுமே மிஞ்சுகிறது.

'டிரை டு ரிமெம்பர்' பாடலுக்கும் இதே கதிதான். பலரும் அதைக் காதல் பாட்டாக உருகிப் பாடிவிடுகிறார்கள். எல் காயோ காதலன் அல்ல, கதைசொல்லி. அந்தக் காதலரைச் சேர்த்து வைக்க அவர்களின் தந்தையர் இருவரும் பொய்யாய் ஒரு கடத்தலை நடத்தச் சொல்லிக் கூலிக்கு அமர்த்தும் ஆள். நாடகம் தொடங்கும்போது பார்வையாளரின் முகத்தைப் பார்த்து, பியானோவும் ஹார்ப் என்ற நரம்பு வாத்தியமும் மட்டும் துணைக்கு இருக்க, பேசுவதுபோல் பாடவேண்டிய மூன்று சரணங்கள். அந்தச் சின்ன அரங்கில் குரலை உயர்த்தவே தேவையில்லை. பெரிய வாத்தியக் குழுவைச் சேர்த்தால் தாளம் இழுபட்டு, சொற்கள் அமுங்கிப் போகின்றன. நேரம் கருதி மூன்றாம் சரணத்தை வெட்டுவது அதைவிடப் பெரிய பிழை. காயப்படாத மனம் வெறுமையானது என்று சொல்லும் டிசம்பரைப் பற்றிய அந்தச் சரணம்தான் நாடகத்தின் இரண்டாம் பாதிக்குத் திறவுகோல். நாடகம் முடியும்போது இப்பாடல் திரும்ப வருவதும் அதைத் தொட்டுத்தான்.

2006இல் நாடகம் மறுபடி மேடையேறிய அரங்குக்கு அடுத்த ஆண்டு ஓர்பாக்கின் பெயரையே சூட்டினார்கள். 2017 ஜூன் 4 வரை அங்கே ஓடியது. அடுத்த இணைப்பில் ஒரு திருத்தம் வெளியிட்டு, அதில் ஓர்பாக்கின் பெயரையும் சேர்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், திருச்சி