ஜடை பின்னும் நேரத்தில் கூப்பிடு

அன்புள்ள மாப்ளைக்கு,

இங்கே எல்லாரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி முன்னைக்கு இப்போது தேவலை. உன் கடிதத்தை நானும் நீ தங்கச்சி என்று கூப்பிடும் என் மனைவியும் சேர்ந்துதான் படித்தோம். "போன்ல கூப்பிட்டா பாப்பா 'சாப்ட்டேன், படிச்சேன்'னு ரெண்டு வார்த்தை சொல்லிட்டு ஓடிடுறா. வீடுன்னா என்ன நடக்கும்ங்கிறதே எனக்கு மறந்துடும் போல. உங்க வீட்டு நியூசையாவது எழுதுடா" என்று கேட்டிருந்தாய். அதைப் படித்ததும் இவள் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம், "சும்மா நலம் நலம்னு எழுதாம நடந்ததை எல்லாம் எழுதுங்க" என்று சொல்லிவிட்டாள். அச்சகத்தில் வைகாசி முகூர்த்தப் பத்திரிகை வேலை இப்போதுதான் ஓய்ந்தது. அதனால் விரிவாகவே எழுதுகிறேன். உன் மகளைப் பேச வைக்க எனக்குத் தெரிந்த வழி ஒன்றும் இருக்கிறது, அதையும் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் உப்புமா கதை. 2022 செப்டம்பரில் காலை உணவுத் திட்டத்தை நம் மதுரையில்தான் தொடங்கி வைத்தார்கள், நீ அப்போது ஷார்ஜா போய்விட்டாய். மறு வருஷம் ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்துவிட்டது. பெரியவளும் காலையில் பள்ளிக்கூடத்தில்தான் சாப்பிடுகிறாள். ஒரு நாள் பொங்கல், ஒரு நாள் கிச்சடி, ஒரு நாள் உப்புமா என்று மாறி மாறி வரும். வீட்டில் உப்புமா என்ற பேச்சை எடுத்தாலே அவளுக்கு வயிற்று வலி வந்துவிடும், உனக்கே தெரியும். அப்படிப்பட்டவள் பள்ளிக்கூடத்தில் உப்புமாவை இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறாள் என்று பக்கத்து வீட்டுப் பையன் வந்து சொன்னான். உன் தங்கச்சிக்கு அது தாங்கவில்லை. "அதே ரவை, அதே கடுகு, உளுந்து. நான் முந்திரி வேற போடுறேன். அங்க மட்டும் எப்படி இறங்குது?" என்று கேட்டுக் கேட்டு, கடைசியில் பெற்றோர் கூட்டத்துக்குப் போனபோது சமைக்கிற அக்காவிடமே பக்குவம் கேட்டுவிட்டாள்.

அந்த அக்கா, "பக்குவம் ஒண்ணும் இல்ல தங்கச்சி. எல்லாரும் வரிசையா உக்காந்து சாப்பிடுதுக, அம்புட்டுத்தான்" என்றாராம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கூடத்தில் எங்கள் எல்லாரையும் சுவரோரமாக வரிசையில் உட்கார வைத்தாள். கையில் ரேஷன் கார்டு. அதில் இருக்கிற வரிசைப்படி வருகைப் பதிவு எடுக்க ஆரம்பித்தாள். என் அம்மா பெயர்தான் முதலில் இருக்கிறது. மாமியார் பெயரை எப்படிச் சொல்வது? கொஞ்சம் தயங்கிவிட்டு, "அத்தை" என்று கூப்பிட்டாள். அம்மா இருக்கிற முழங்கால் வலியோடு கையை உயரத் தூக்கி, சத்தமாக, "உள்ளேன் அம்மா!" என்றாள். சின்னவன் சிரித்து உருண்டு தட்டில் விழப் பார்த்தான். உப்புமா சட்டி காலி. இப்போது ஞாயிறு காலையில் பெரியவளே ரேஷன் கார்டைத் தேடி எடுத்து வைத்துவிடுகிறாள். மாமியாரும் மருமகளும் அதற்கு முந்தின நாள் முருங்கைக்கீரைக்காக முகம் திருப்பிக்கொண்டிருந்தார்கள். அந்த "உள்ளேன் அம்மா"வுக்குப் பிறகு அது எங்கே போனதென்றே தெரியவில்லை.

சித்திரைத் திருவிழா பற்றிக் கேட்டிருந்தாய். இந்த முறை இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு நன்றாகவே பார்த்தோம். திருக்கல்யாணத்தன்று இவளும் அம்மாவும் தாலிக்கயிறு மாற்றிக்கொண்டார்கள், அப்புறம் சேதுபதி பள்ளிக்கூடத்துக் கல்யாண விருந்துக்குப் போனோம். சாப்பிட்டு முடித்து நான் மொய் எழுதினேன். பெரியவள் என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"அப்பா, நம்ம வீட்டு விசேஷத்துக்கு மீனாட்சி திருப்பி மொய் செய்யுமா?"

அவள் கேட்டதில் தப்பே இல்லை. வீட்டில் மொய் நோட்டை வைத்துக்கொண்டு யார் யார் எவ்வளவு செய்தார்கள், நாம் எவ்வளவு திருப்பிச் செய்ய வேண்டும் என்று நாங்கள் பேசுவதைத்தானே அவள் கேட்டு வளர்கிறாள். எனக்குப் பதில் வரவில்லை. அம்மாதான் சொன்னாள்: "ஏண்டி, ஒன்னையக் குடுத்ததே அவதான். அதுக்குத்தான் ஒங்கப்பன் இப்பத் திருப்பிச் செய்யிறான்." அவளுக்கு இது சரியாகப் பட்டது. ஒரு நிமிஷம் யோசித்தாள். "அப்ப தம்பிக்கு?" என்றாள். நான் திரும்பப் போய் சின்னவன் பெயருக்கும் நூறு ரூபாய் எழுதிவிட்டு வந்தேன். எழுதுகிறவர் காரணம் கேட்டார், சொன்னேன். அவரும் சிரித்துக்கொண்டே சின்னவன் கன்னத்தைக் கிள்ளி அனுப்பினார்.

அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்த்துவிட்டு வந்த ராத்திரி அடுத்த வழக்கு தொடங்கியது. தங்கச்சி மீனாட்சி கல்யாணத்துக்குப் புறப்பட்டு வந்த அழகர், கல்யாணம் முடிந்துவிட்டது என்று தெரிந்து கோபத்தில் ஊருக்குள் வராமல் வண்டியூருக்குப் போய்விட்டார் என்று நம் அம்மாக்கள் நமக்குச் சொன்ன கதையை என் அம்மாவும் சொன்னாள். பெரியவளுக்குத் தூக்கமே போய்விட்டது. "அண்ணன் வர்றதுக்குள்ள ஏன் முடிச்சாங்க? ஒரு போன் பண்ணியிருக்கலாம்ல? அப்பா, நீங்கதான கல்யாணப் பத்திரிகை அடிக்கிறீங்க, அழகருக்கு ஒண்ணு அனுப்புனீங்களா?" என்று என்னைப் பிடித்துக்கொண்டாள்.

நானும் பொறுமையாகச் சொல்லிப் பார்த்தேன். முன்னே மீனாட்சி கல்யாணம் மாசி மாதம் நடந்தது, அழகர் சித்திரையில் தேனூர்ப் பக்கம் ஆற்றில் இறங்கினார், இரண்டும் வேறு வேறு விழா, திருமலை நாயக்கர்தான் இரண்டையும் சித்திரையிலேயே சேர்த்து வைத்தார் என்று. அவள் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு, "ராஜாதான? நாளைச் சரியாக் குறிச்சிருக்கலாம்ல?" என்றாள். முந்நூற்றைம்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது, இந்தக் கேள்வியை நாயக்கரிடம் யாராவது கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

இதை ஏன் இவ்வளவு நீட்டுகிறேன் என்றால், வைகாசியில் சின்னவனுக்கு அழகர்கோவிலில் மொட்டை போட்டுக் காது குத்தினோம். பதினெட்டாம்படிக் கருப்பசாமியைக் கும்பிட்டுவிட்டு, மரத்தடியில் ஜமுக்காளம் விரித்து, சொந்தக்காரர்கள் எல்லாரும் கூடியாகிவிட்டது. ஆசாரியும் வந்துவிட்டார். மச்சினனைக் காணோம். சீரோடு தேனியிலிருந்து வருகிறான். ஆரப்பாளையத்தில் இறங்கிவிட்டேன் என்று போன் வந்தது, அதற்குப் பிறகு போனும் எடுக்கவில்லை. நல்ல நேரம் போய்க்கொண்டிருக்கிறது. ஆசாரிக்கு அடுத்த இடத்தில் வேலை இருக்கிறது. பெரியப்பா, "ஒண்ணுவிட்ட மாமன் இருக்கான்ல, அவன் மடியில உக்கார வச்சுக் குத்துங்கப்பா, எல்லாம் மாமன்தான்" என்று சொல்லிவிட்டார். இவள் முகம் வாடிப்போனது. கூடப் பிறந்த ஒரே தம்பி. ஆனால் பெரியவர்கள் பேச்சுக்கு மறுபேச்சு எப்படிப் பேசுவது?

அப்போது பெரியவள் தம்பிக்கு முன்னால் போய் இரண்டு கையையும் அகல விரித்துக்கொண்டு நின்றாள். "மாமா வராமக் காது குத்தக் கூடாது! அழகர் மாதிரி எங்க மாமாவும் கோவிச்சுக்கிட்டுத் தேனிக்கே திரும்பிப் போயிட்டா யார் போய்க் கூட்டிட்டு வர்றது?"

சிரிக்கவும் முடியவில்லை, பதில் சொல்லவும் முடியவில்லை. அழகர் மலை அடிவாரத்தில் நின்றுகொண்டு கேட்கிறாள். பெரியப்பாவே தோளில் கிடந்த துண்டை உதறிப் போட்டுக்கொண்டு, "அழகர் வாசல்லயே நின்னு புள்ள கேக்குது. இனி ஒருத்தரும் பேசக் கூடாது. மாமன் வரட்டும்" என்று உட்கார்ந்துவிட்டார். ஆசாரி ஒரு டீ கேட்டார்.

மச்சினன் தலையில் சீர்த்தட்டோடு ஓட்டமும் நடையுமாக வந்து சேர்ந்தான். வேட்டி ஒரு பக்கம், துண்டு ஒரு பக்கம். அவன் மூச்சு வாங்குவதற்குள் பெரியவள் எதிரில் போய், "கோவமா மாமா?" என்று கேட்டாள். தாமதமாக வந்தவனைப் பார்த்து யாராவது அப்படிக் கேட்பார்களா? அவன் ஒன்றும் புரியாமல், "இல்லையேம்மா" என்றான். "அப்ப சரி, உக்காருங்க" என்று தம்பியைத் தூக்கி அவன் மடியில் வைத்தாள். இவள் சேலை முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். சிரித்தாளா அழுதாளா என்று எனக்குத் தெரியும், ஆனால் எழுதக் கூடாதாம். இதோ பக்கத்தில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருக்கிறாள்.

சின்னவன் கதை தனி. அவனிடம் எல்லாரும், "எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும்" என்று சொல்லி வைத்திருந்தார்கள். முதல் காது குத்தியதும் மலையே அதிரக் கத்தினான். பிறகு அழுகையை நிறுத்திவிட்டு, "எறும்பு எங்க? அந்த எறும்பைக் காட்டு!" என்று ஆசாரியின் கையைப் பிடித்துக்கொண்டான். காட்டாமல் மறு காதைத் தொட விடவில்லை. ஆசாரி எத்தனையோ பிள்ளைகளுக்குக் காது குத்தியவர், அவருக்கே இது புதிது. கடைசியில் மச்சினன்தான் சீர்த்தட்டில் வெல்லத்தைத் தேடி வந்திருந்த ஒரு கட்டெறும்பைக் காட்டினான். "இவ்ளோ சின்னதா?" என்று சின்னவன் அதையே பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் இரண்டாவது காதும் முடிந்தது. ஊருக்கு வந்த பிறகும் அடுப்படியில் எறும்பைப் பார்த்தால் மொட்டைத் தலையோடு காதைப் பொத்திக்கொண்டு ஓடுகிறான்.

கத்திரி வெயிலில் நடந்த ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். மறுநாளைக்கு விருந்தாளிகள் வருவதாக இருந்தது, ஆட்டிய மாவைப் பெரிய தூக்கில் வைத்திருந்தாள். அந்தச் சூட்டில் நாலு மணி நேரத்திலேயே பொங்கிவிட்டது. நடுராத்திரி மூடி கீழே விழுந்து உருண்ட சத்தத்தில் எல்லாரும் எழுந்து உட்கார்ந்தோம். அம்மா "முருகா, முருகா" என்கிறாள். கரண்டு வேறு இல்லை. இவள்தான் தோசைக்கரண்டியை ஓங்கிப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தாள், நாங்கள் எல்லாரும் அவளுக்குப் பின்னால். செல்போன் வெளிச்சத்தில் பார்த்தால் மாவு மேடையிலிருந்து வழிந்து தரைக்கு இறங்கிக்கொண்டிருக்கிறது. சின்னவன், "அம்மா, மாவு வெளியூர் போகுது!" என்றான். அவ்வளவுதான், எல்லாருக்கும் சிரிப்பு. சிரித்ததில் பசி வந்துவிட்டது. கையில் கரண்டி இருக்கிறது, மாவு இருக்கிறது. மெழுகுவத்தி வெளிச்சத்தில் தோசை ஊற்றி, இட்லிப் பொடியோடு சாப்பிட்டுவிட்டுப் படுத்தோம். கல்யாணமான புதிதில் நாங்கள் இரண்டு பேரும் ஊர் அடங்கின பிறகு புரோட்டா சாப்பிட்டிருக்கிறோம், ஆனால் இந்தத் தோசை ருசி எதற்கும் வராது.

சரி, உன் மகள் விஷயத்துக்கு வருகிறேன். நாம் போகிற போக்கில் சொல்கிற வார்த்தையைப் பிள்ளைகள் முழுசாக நம்புகிறார்கள் மாப்ள. மொய் என்றால் திரும்பி வரும், எறும்பு என்றால் எறும்பு இருக்க வேண்டும். அந்த நம்பிக்கையில்தான் இத்தனை சிரிப்பும் எங்கள் வீட்டுக்கு வருகிறது. "சாப்ட்டியா, படிச்சியா" என்று நீ கேட்டால் அவள் அந்தக் கேள்விக்கு உண்மையான பதிலைச் சொல்லிவிட்டுப் போய்விடுகிறாள். நீ கேட்டதற்குத்தான் அவள் பதில் சொல்கிறாள், அவளுக்கு உன்மேல் பாசம் குறைந்துவிட்டதாக நினைத்து மனசை வருத்திக்கொள்ளாதே.

நேரமும் ஒரு காரணம். அங்கே ஒன்பது மணிக்கு நீ வேலை முடித்து ரூமுக்கு வந்து கூப்பிடும்போது இங்கே பத்தரை. பிள்ளைக்குக் கண் சொருகிவிடும். காலையில் ஜடை பின்னும் நேரத்தில் கூப்பிட்டுப் பார். எங்கள் வீட்டில் பெரியவள் வாய் திறப்பதே அப்போதுதான். தலை அம்மா கையில் இருக்கிறது, ஓடவும் முடியாது, வேறு வேலையும் கிடையாது. பள்ளிக்கூடத்தில் யாரோடு பழம், யாரோடு காய், எந்த டீச்சருக்குப் புதுச் சேலை, எல்லாக் கதையும் ரிப்பன் கட்டி முடிப்பதற்குள் வந்துவிடும். இங்கே ஏழரை மணி என்றால் உனக்கு ஆறு. வேலைக்குக் கிளம்புகிற அவசரம் இருக்கும், ஆனாலும் போனைச் சாய்த்து வைத்துவிட்டு நீ பாட்டுக்கு ஷேவ் பண்ணு. கேள்வி கேட்காதே. அவள் பேசட்டும். உன் வீட்டில் தங்கச்சியிடமும் சொல்லி வை, அன்றைக்கு மட்டும் ஜடையைக் கொஞ்சம் மெதுவாகப் பின்னச் சொல். அவள் ஏதாவது வாக்குக் கேட்டால் மட்டும் யோசித்துக் கொடு. நீ ஊருக்கு வரும் நாளைத் தோராயமாகச் சொல்லாதே. டிக்கெட் கையில் வந்த பிறகு சொல். அந்த நாளை அவள் காலண்டரில் வட்டம் போட்டு வைப்பாள்.

ஆவணியில் உன் மகனுக்குக் காதுகுத்து வைக்கப் போவதாக எழுதியிருக்கிறாய். ரொம்ப சந்தோஷம். பத்திரிகை என் பொறுப்பு, வேறு எங்கேயும் கொடுத்துவிடாதே. தாய்மாமன்கள் பெயர், பெரியவர்கள் பெயர், குலதெய்வம், இடம், நேரம் எல்லாவற்றையும் எழுத்துப் பிழை இல்லாமல் எழுதி அனுப்பு. காலஞ்சென்றவர்கள் பெயரையும் விட்டுவிடாதே, நம் பக்கம் அதற்குத்தான் வருத்தம் வரும். பெரியவளிடம் விஷயத்தைச் சொன்னேன். பத்திரிகையில் அடியில் ஒரு வரி போட்டே ஆக வேண்டும் என்று சொல்லிவிட்டாள்: "தாய்மாமன் வந்த பிறகே காது குத்தப்படும்." நானும் சரி என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். அதனால் அந்த வரிக்கு இடம் விட்டே மேட்டரை எழுது.

தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் எல்லாருடைய அன்பையும் சொல். உடம்பைப் பார்த்துக்கொள். வெயிலில் தண்ணீர் நிறையக் குடி.

அன்புடன்,
உன் மாப்ள
மதுரை