சர்க்கரை மாத்திரையை நிறுத்தச் சொல்லி விற்கப்பட்ட உங்கள் சத்துப் பொடி குறித்த புகார்

அனுப்புநர்:
வாடிக்கையாளரின் மகள்,
கரூர்.

பெறுநர்:
குறைதீர்ப்பு அலுவலர்,
நேரடி விற்பனை நிறுவனத் தலைமை அலுவலகம்.

பொருள்: நீரிழிவைக் குணப்படுத்தும் என்று பொய் சொல்லி விற்ற பொடிக்கான பணத்தையும் மருத்துவச் செலவையும் திருப்பித் தரக் கோருதல்.

ஐயா,

என் தாயாருக்கு வயது 64. பல ஆண்டுகளாக நீரிழிவுக்கு மெட்ஃபார்மின் மாத்திரை சாப்பிட்டு, சர்க்கரையைக் கட்டுப்பாட்டில் வைத்திருந்தவர். உங்கள் நிறுவனத்தின் விநியோகஸ்தராக இருக்கும் எங்கள் தெருப் பெண்மணி ஒருவர் வீட்டுக்கு வந்து, இந்தப் பொடியைக் காலையும் மாலையும் கலக்கிக் குடித்தால் மூன்றே மாதத்தில் மாத்திரை தேவைப்படாது என்று உறுதி சொல்லி, டப்பா 2,450 ரூபாய் வீதம் இரண்டு டப்பாக்களை விற்றிருக்கிறார். முதலில் மாத்திரையைப் பாதியாகக் குறைக்கச் சொன்னார். பிறகு அடியோடு நிறுத்தச் சொன்னார்.

அதற்குப் பின் நடந்ததுதான் என்னை இதை எழுத வைக்கிறது. அம்மாவுக்கு நாக்கு வறண்டது. இரவில் தூங்கவிடாமல் சிறுநீர் போனது. உடம்பு இளைத்தது. காலில் செருப்புக் கடித்த புண் ஆறாமல் பழுத்தது. சர்க்கரை ஏறுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான அடையாளங்கள் கிடையாது. அவற்றை ஒவ்வொன்றாக அம்மா சொன்னபோது, உங்கள் விநியோகஸ்தர் தன் அப்லைனிடம், அதாவது தன்னைத் தொழிலில் சேர்த்துவிட்டவரிடம், கேட்டுவிட்டு வந்து சொன்ன பதில்: "கழிவு வெளியேறுகிறது அம்மா, பொடி வேலை செய்ய ஆரம்பித்துவிட்டது, பயப்படாமல் அளவைக் கூட்டிக் குடியுங்கள்." உடம்பு தேறினால் பொடியின் மகிமை, கெட்டால் நச்சு வெளியேறுவதன் அறிகுறி. இப்படிச் சொல்லிக்கொடுத்துவிட்டால் ஒரு நோயாளி எந்தக் கட்டத்தில்தான் மருத்துவரிடம் ஓடுவார்? அம்மாவை மருத்துவமனையில் சேர்த்தபோது ரத்தச் சர்க்கரை 412. காலை இழக்காமல் தப்பியது பெரிய காரியம் என்றார் மருத்துவர்.

உங்கள் வாடிக்கையாளர் சேவைக்கு இதை எழுதினேன். வந்த பதில் இரண்டே வரி: "எங்கள் விநியோகஸ்தர்கள் சுயேச்சையாகத் தொழில் செய்பவர்கள். அவர்களது தனிப்பட்ட கருத்துகளுக்கு நிறுவனம் பொறுப்பாகாது."

இந்தப் பதிலை நான் ஏற்கவில்லை. சட்டமும் ஏற்கவில்லை. 2021 டிசம்பரில் மத்திய அரசு அறிவித்த நுகர்வோர் பாதுகாப்பு (நேரடி விற்பனை) விதிகளின்படி, நேரடி விற்பனையாளர் விற்ற பொருளால் எழும் குறைகளுக்கு நிறுவனமே பொறுப்பு. முன்கூட்டியே அனுமதி பெறாமலும் அடையாள அட்டை இல்லாமலும் விற்பனையாளர் ஒருவர் வீட்டுக்கு வரக் கூடாது என்பதும் அதே விதிகளில் இருக்கிறது. எங்கள் வீட்டுக்கு வந்தவரிடம் அட்டையும் இல்லை, வரலாமா என்று அவர் கேட்கவும் இல்லை. "நீங்கள் இரண்டு பேரைச் சேர்த்துவிட்டால் இந்த டப்பாவின் காசு உங்களுக்கே திரும்பி வந்துவிடும்" என்றும் சொல்லியிருக்கிறார். ஆள் சேர்த்தால் விலையை மீட்கலாம் என்று ஆசை காட்டி விற்பதையும் அந்த விதிகள் தடுக்கின்றன.

அவை அவருடைய 'தனிப்பட்ட கருத்துகள்' என்பதும் உண்மையல்ல. ஞாயிற்றுக்கிழமைதோறும் ஓட்டல் அரங்கில் நடக்கும் உங்கள் கூட்டத்துக்கு என் தாயாரையும் அழைத்துப் போயிருக்கிறார்கள். மேடையில் கோட்டு அணிந்த ஒருவர், இன்சுலின் ஊசியை நிறுத்தியவர்கள் என்று வரிசையாகச் சிலரை எழுப்பி நிறுத்தி, அரங்கத்தைக் கைதட்டச் சொல்லியிருக்கிறார். பின்னால் இருந்த திரையில் உங்கள் சின்னம். எங்கள் தெருப் பெண்மணி அங்கே கேட்டதைத்தான் இங்கே வந்து ஒப்பித்தார்.

இப்போது டப்பாவுக்கு வருகிறேன். அதை மேசை மேல் வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். பின்பக்கம், விலைக்கும் தொகுதி எண்ணுக்கும் கீழே, கண்ணாடி போட்டாலும் தேட வேண்டிய எழுத்தில், 'மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல' என்ற ஆங்கில வாசகம் இருக்கிறது. உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி கேட்பதால் அதை அச்சிட்டிருக்கிறீர்கள். அச்சில் மருந்தல்ல, வாய்வழியில் மருந்து. உணவு என்றால், நோயைக் குணப்படுத்தும் என்று சொல்ல 2018ஆம் ஆண்டின் விளம்பர விதிகள் இடம் தரவில்லை. மருந்து என்றால் அதற்கான உரிமம் எங்கே? நீரிழிவைக் குணப்படுத்துவதாக ஒரு மருந்தை விளம்பரம் செய்வதே 1954ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாய நிவாரணங்கள் சட்டப்படி குற்றமாயிற்றே.

சேர்மானப் பட்டியலையும் படித்தேன். எடையில் அதிகமானதை முதலில் போட்டு இறங்குவரிசையில் எழுத வேண்டும் என்பது விதி. உங்கள் பட்டியலில் சோயாப் புரதத்துக்கு அடுத்து இரண்டாவதாக நிற்பது மால்டோடெக்ஸ்ட்ரின். மாவுப்பொருளை உடைத்துச் செய்யப்படும் இது, ரத்தச் சர்க்கரையைக் கிடுகிடுவென ஏற்றக்கூடியது. முன்பக்கத்தில் 'சர்க்கரை சேர்க்கப்படவில்லை' என்று பச்சை இலைப் படத்தோடு போட்டுவிட்டு, மாத்திரையை நிறுத்திய ஒரு நீரிழிவு நோயாளிக்கு இதை நாளுக்கு இரண்டு வேளை கொடுத்திருக்கிறீர்கள். மேடையில் பெருமையாகச் சொல்லப்பட்ட நாவல் கொட்டையும் சிறுகுறிஞ்சானும் பட்டியலின் கடைசியில், சுவையூட்டிக்கும் பின்னால் இருக்கின்றன.

ஒரு வேளைக்குப் பத்து கிராம் பொடி. அதில் புரதம் 3.2 கிராம். 400 கிராம் டப்பாவைக் கணக்கிட்டால் ஒரு வேளைக்கு 61 ரூபாய் ஆகிறது. அந்த அளவு புரதம் ஒரு சிறு கைப்பிடிப் பொட்டுக்கடலையில் இருக்கிறது. எங்கள் தெரு மளிகைக் கடையில் அதற்கு இரண்டு மூன்று ரூபாய்க்கு மேல் ஆகாது. மீதிப் பணம் எங்கே போகிறது என்பதை உங்கள் கமிஷன் பட்டியலே சொல்கிறது: விற்றவருக்கு, அவரைச் சேர்த்தவருக்கு, அவருக்கும் மேலே இருப்பவருக்கு. நோயாளி கொடுத்த காசில் ஏணி கட்டியிருக்கிறீர்கள்.

அந்த ஏணியில் எல்லோரும் ஏறலாம் என்று கூட்டத்தில் சொல்கிறீர்கள். ஒருவர் ஆறு பேரைச் சேர்க்க வேண்டும், அந்த ஆறு பேரும் ஆளுக்கு ஆறு பேரைச் சேர்க்க வேண்டும் என்பது உங்கள் திட்டம். பெருக்கிப் பார்த்தேன். பத்தாவது படியில் மட்டும் 6 கோடியே 4 லட்சத்துக்கு மேல் ஆட்கள் வேண்டும். எல்லாப் படிகளையும் கூட்டினால் ஏழேகால் கோடியைத் தாண்டுகிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் மொத்த மக்கள்தொகையே 7 கோடியே 21 லட்சம்தான். தொட்டில் குழந்தை வரை அத்தனை பேரும் உங்கள் ஐ.டி. (விநியோகஸ்தர் எண்) போட்ட பிறகு, கடைசிப் படியில் நிற்பவர் யாரிடம் விற்பார்?

கடைசிப் படியில் நிற்பவர் எப்படி இருப்பார் என்று நான் பார்த்தேன். எங்களுக்கு விற்ற அந்த அக்காவின் வீட்டுக்குப் போனேன். சண்டை போடத்தான் போனேன். கட்டிலுக்கு அடியில் உங்கள் அட்டைப்பெட்டிகள் சுவரோடு சுவராக அடுக்கியிருந்தன. சில பெட்டிகள் பிரிக்கப்படவே இல்லை. சில டப்பாக்களில் காலாவதித் தேதி கடந்துவிட்டது. வாங்கும் சரக்குக்குக் கிடைக்கும் மாதாந்திரப் பாயிண்ட் குறைந்தால் ஏணியில் அவருக்குள்ள ரேங்க் போய்விடும் என்று அப்லைன் நெருக்கியதால், விற்காத சரக்கைத் தாமே வாங்கி வைத்திருக்கிறார். அதற்காகத் தாலிச் சங்கிலி அடகில் இருக்கிறது. உங்கள் ஏட்டில் இவை எல்லாம் 'விற்பனை' என்று ஏறியிருக்கும். என் தாயாருக்குக் கொடுத்த அதே பொடியை அவர் தம் கணவருக்கும் கொடுத்துவந்திருக்கிறார். ஏமாற்ற நினைப்பவர் அப்படிச் செய்யமாட்டார். அதனால்தான் இந்தப் புகாரில் அவர் பெயரைச் சேர்க்கவில்லை. அவர் ஐ.டி.யை ரத்து செய்து, பழி முழுவதையும் அவர் தலையில் போட்டு நீங்கள் கைகழுவ முயன்றால், அவர் தரப்பிலும் நானே சாட்சி சொல்வேன்.

நான் கேட்பவை இவை. இரண்டு டப்பாக்களின் விலை 4,900 ரூபாயும், இணைத்துள்ள ரசீதுகளின்படி மருத்துவமனைச் செலவும் என் தாயாரின் வங்கிக் கணக்குக்கு வர வேண்டும். எந்த நோயாளியும் மருத்துவர் சொன்ன மாத்திரையை நிறுத்தக் கூடாது, இந்தப் பொடி நீரிழிவைக் குணப்படுத்தாது என்று உங்கள் விநியோகஸ்தர்கள் அனைவருக்கும் தமிழில் எழுத்துமூலம் அறிவித்து, அதன் நகலை எனக்கு அனுப்ப வேண்டும். அந்த அறிவிப்பு ஞாயிற்றுக்கிழமைக் கூட்ட மேடையிலும் வாசிக்கப்பட வேண்டும். எங்கள் தெரு அக்காவிடம் தேங்கிய சரக்கை முழு விலைக்குத் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும். பணம் வந்துவிட்டது என்பதற்காக மற்ற மூன்றையும் விட்டுவிட மாட்டேன்.

நேரடி விற்பனை விதிகளின்படி 48 வேலை மணி நேரத்துக்குள் ஒப்புகையும், ஒரு மாதத்துக்குள் தீர்வும் எனக்கு வர வேண்டும். தவறினால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குத் தொடுப்பேன். 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்கு அங்கே கட்டணம் கிடையாது. பிரிக்காத இரண்டாவது டப்பாவை மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலரிடம் மாதிரியாக ஒப்படைக்கிறேன். திறந்த டப்பா என்னிடம் இருக்கும். அதைத் திருப்பிக் கேட்டு யாரையும் அனுப்ப வேண்டாம்.

இணைப்பு: விற்பனை ரசீது, டப்பாவின் நான்கு பக்கப் படங்கள், வாட்ஸ்அப்பில் வந்த விளம்பரம், மருத்துவமனை அறிக்கையும் ரசீதுகளும், உங்கள் வாடிக்கையாளர் சேவையின் பதில்.

இப்படிக்கு,
வாடிக்கையாளரின் மகள்